கடைசியாக வைத்தவர்

காலையில் ஷட்டரில் தொங்கிய பூட்டு சம்பூரணத்தினுடையது இல்லை.

சாவியைப் போட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் கையில் வேறொரு சாவி இருந்தது.

"உங்க ஷெட்தானம்மா?"

"ஆமாங்க."

"நான் ஜெனோவா. உறுப்புச் சட்டப் பிரிவு. வாங்க, உள்ள உக்காந்து பேசுவோம்."

தன் ஷெட்டுக்குள் இன்னொருத்தி தன்னை வாங்க என்று அழைப்பதை சம்பூரணம் கவனித்தாள்.

உள்ளே நேற்றைய பூஜை அப்படியே இருந்தது. இரும்பு கடையும் கம்ப்யூட்டர் லேத்தின் இருபுறமும் கட்டியிருந்த வாழைக்கன்றுகள் தலை சாய்ந்திருந்தன. மெஷின் கதவில் சந்தனப் பட்டை, குங்குமம். அதன் குறுக்கே சிவப்பு நாடா ஒட்டி அரசு முத்திரை குத்தியிருந்தது. இன்று விஜயதசமி. எல்லா ஷெட்டிலும் மெஷினைத் திரும்பப் போட வேண்டிய நாள்.

மெஷினின் தோளில் சாம்பல் நிறப் பெட்டி பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. இரும்பு உருப்படிகளைக் கண்காணிக்கும் உறுப்புச் சட்டம் வந்த வருஷம் ஊரிலிருந்த எல்லா மெஷினிலும் மாட்டினார்கள். மெஷின் எதை வெட்டுகிறது என்று பார்க்கும். ஷெட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும். ஒன்றும் சொல்லாது. என்றைக்கோ ஒருநாள் மொத்தமாகச் சொல்லும்.

"அதுக்கு நீங்க என்ன பேரு வெச்சிருக்கீங்க?" ஜெனோவா பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"பேரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"மாமியா. அதுவே கேட்டுட்டுச் சொல்லிருச்சு." ஜெனோவா சிரித்தாள். "எங்க நாகர்கோயில் பக்கம் நாத்தனார்னு சொல்லுதாங்க."

சம்பூரணம் சிரிக்கவில்லை.

ஜெனோவா கதவுக்கு வெளியே கை காட்டினாள். கான்ஸ்டபிள் ஒருவர் நீளமான தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். தட்டில் ஒரு வாழையிலை. அதன்மேல் கண்ணாடித்தாள் இறுக்கியிருந்தது. இலையில் ஒன்பது இரும்பு உருப்படிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம்.

"இதுல உங்களது எது?"

சம்பூரணம் ஓரத்தில் கிடந்த ஒல்லியான பின்னைக் காட்டினாள். பேனா ரீஃபில் தடிமன். ஒரு முனை உருண்டது.

"என்ன சாமான் இது?"

"பாலிதீன் கவர் அடிக்கிற மெஷினுக்குன்னு சொன்னாங்க. புதுப் பார்ட்டி. டிராயிங் வந்துச்சு, ஓட்டிக் குடுத்தேன். மாமியா... இந்தப் பொட்டி ஒண்ணுமே சொல்லலீங்களே."

"சொல்லாது. தனியா இது வெறும் பின். இங்க கெடக்கிற எதுவுமே தனியா குத்தமில்ல. எட்டு சேந்தாலும் இரும்புதான். ஒம்பதாவது சேந்தா இது துப்பாக்கி. சும்மா வேட்டைத் துப்பாக்கி இல்லம்மா. ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு போகும், அடுத்த குண்டு தானா ஏறிக்கும். அரைத் தானியங்கி. நம்ம மாநிலத்துல வெச்சிருக்கவே கூடாது."

"ஒண்ணோட ஒண்ணு மாட்டவே இல்லியே. எலை மேல தனித்தனியாத்தானே கெடக்குது."

"கையெட்டுற தூரத்துல கெடந்தா சேந்ததாத்தான் கணக்கு. இங்க அப்படி. வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிட்டா நடுவுல கெடக்கிற அந்தப் பெரிய இரும்புக் கட்டை மட்டும்தான் துப்பாக்கி, மத்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போடலாம். கர்நாடகாவுல குழலை மட்டும் எண்ணுவாங்க. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கும்பிட்டு அனுப்புவான், இந்தப் பக்கம் விலங்கு மாட்டுவான்." ஜெனோவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்காரர் லாரி எந்தப் பக்கம் ஓட்டுதாரு?"

"பாலக்காடுங்க."

"ஓ."

அந்த 'ஓ' சம்பூரணத்துக்குப் பிடிக்கவில்லை.

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அவரு தேங்கா லோடு அடிக்கிறாரு."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

வெளியே தெரு அமைதியாக இருந்தது. வேறு வருஷமாக இருந்தால் இந்நேரம் மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது.

"இந்தச் சட்டத்துல ஒரு வார்த்தை உண்டு, கேட்டிருப்பீங்க," என்றாள் ஜெனோவா. "முடித்தவர். கடைசிப் பாகத்தை எந்தக் கை வெச்சுதோ அந்த ஆள். ஒரு துப்பாக்கிக்கு ஒரு முடித்தவர். மத்த எட்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். முடித்தவருக்குப் பத்து வருஷம்."

சம்பூரணத்தின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பத்து வருஷம் என்றதும் மனதில் மகளின் முகம் வரவில்லை. மகளின் வயசு வந்தது. அத்துடன் பத்தைக் கூட்டினாள்.

"ஆர்டர் குடுத்தவனைப் புடிச்சிட்டீங்களா?"

"அது வேற பிரிவு. டிராயிங் குடுக்கிறது எந்த மாநிலத்துலயும் குத்தமில்ல. எங்களுக்கு முடித்தவர் போதும்."

ஜெனோவா தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அதே இலை, அதே ஒன்பது உருப்படிகள். மேலே பூ எழுத்தில் 'ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்' என்றிருந்தது. எதிர் ஷெட் ஆறுச்சாமி நேற்று போட்ட ஸ்டேட்டஸ்.

"இதைத்தான் எங்க கம்ப்யூட்டர் பாத்துது. அந்த ஆளுக்குப் பாவம், வாழ்த்து சொன்னதுக்கு விடிய விடிய விசாரணை. இப்பச் சொல்லுங்க. ஒம்பது ஷெட்டு. ஒம்பது பேரும் ஒரே துப்பாக்கியோட பாகத்தை ஒரே தெருவுல செஞ்சிருக்கீங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

"எப்படித் தெரியுங்க?" சம்பூரணத்தின் குரல் உயர்ந்தது. "முன்னெல்லாம் பேக்கரில ஒரு டீக்கு நின்னாப் போதும். எந்த ஷெட்டுல என்ன ஜாப் ஓடுதுன்னு தெரிஞ்சுரும். உங்க சட்டம் வந்து உருப்படியப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் பேசினாலே கேஸுன்னு சொன்னீங்க. இப்ப பேக்கரில மழையப் பத்திப் பேசறோம். பம்பு ஆர்டர் எல்லாம் நின்னு போச்சு. புதுப் பார்ட்டி ஒருத்தன் வந்தான்னா வாய மூடிட்டு எடுத்துக்கறோம்."

"அப்ப ஒரே எலையில எப்படி வந்துச்சு?"

சம்பூரணம் அந்த வழக்கத்தைச் சொன்னாள். ஆயுத பூஜை அன்று தெருக்கோடிப் பிள்ளையாருக்கு முன் ஒரு இலை போடுவார்கள். ஒவ்வொரு ஷெட்டும் கடைசியாக எடுத்த ஜாப்பில் தேறிய முதல் உருப்படியை அதில் வைக்கும். ஒருவர் வைத்ததும் நாச்சிமுத்தண்ணன் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அவர்தான் கோயிலுக்குத் தர்மகர்த்தா. அவர் உருப்படிதான் எப்போதும் முதலில் போகும். பம்பு சக்கரம், கிரைண்டர் அச்சு, மில் சாமான் என்று போன வருஷம் இலை நிறைய இருந்தது. யாரும் அதை இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

"பழைய உருப்படி ஏதாச்சும் வெச்சிருக்கலாமே?"

"ஓடுறது ஒண்ணு, சாமிக்குக் காட்டுறது ஒண்ணா?"

ஜெனோவா இலையை இன்னொரு தடவை பார்த்தாள். அது அவளுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது.

"சரி. கடைசியா யார் வெச்சது?"

"கவனிக்கலீங்க."

"ஒம்பது பேரும் அதையேதான் சொல்லணும்னு பேசி வெச்சீங்களா?"

"இல்லீங்க."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"எல்லாரும் வந்தப்ப."

"எல்லாரும் வந்தப்பறம்."

சம்பூரணம் இலையைப் பார்த்தாள். தன்னுடைய பின், வைத்த இடத்திலேயே கிடந்தது. நடுவிலிருந்த கனமான கட்டை நாச்சிமுத்து ஷெட்டில் கடைந்தது. அதில் ஒரு துளை. நேற்று பின்னை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தத் துளை கண்ணில் பட்டது. வெர்னியர் வைத்து அளக்கத் தேவையில்லை. இத்தனை வருஷம் லேத் ஓட்டிய கண்ணுக்கு எதில் எது போகும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள். சூடம் காட்டும் நேரம், எல்லோரும் மூடிக்கொண்டிருந்தார்கள்.

இலையில் இன்னொன்றும் தெரிந்தது. கட்டைக்குப் பக்கத்தில் காலியாக ஒரு சந்தனத் தடம். ஏதோ ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். எண்ணிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை.

"அம்மா," என்றாள் ஜெனோவா. குரல் இறங்கியிருந்தது. "நான் உங்க எதிரி இல்ல. கடைசியா வந்தவங்க நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு ஆள் தானா கடைசியா வர்றது வேற. வர வெக்கிறது வேற. யாராச்சும் உங்களை லேட்டா வரச் சொன்னாங்களா?"

பெட்டி பச்சையாக மினுக்கியது.

சம்பூரணம் ராத்திரி முழுக்க யோசித்தது இதைத்தான். நேற்று பூஜைக்குக் கிளம்பும்போது நாச்சிமுத்து போன் செய்தார். மெதுவா வாங்க அம்மிணி, அவசரம் ஒண்ணுமில்ல என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, வராட்டியும் பரவால்ல, நாங்க பாத்துக்கறோம் என்றார். போன வருஷம் பம்பு கம்பெனி ஆர்டர் அவளை விட்டு அவர் பக்கம் போயிருந்தது. இப்போது சாமி காரியத்திலும் ஒதுக்குகிறாரா என்று அவளுக்குச் சுருக்கென்றது. நீ யாரய்யா என்னை வர வேண்டாம்னு சொல்ல என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தலையைக்கூட ஒழுங்காகப் பின்னாமல், பின்னைக் கையில் பொத்திக்கொண்டு ஓடினாள்.

ஓடியும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தாள். அவள் வந்ததும் பேச்சு நின்றது. நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அவள் பின்னை வைத்தாள். அவர் சந்தனம் வைக்க நேரம் எடுத்துக்கொண்டார். ஆறுச்சாமி போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

"போட்டாச்சுங்ணா," என்றான். "மொத வாழ்த்து நம்ம தெருவோடதுதான்."

"போட்டுட்டியா?" என்றார் நாச்சிமுத்து.

"போட்டாச்சுங்."

அவர் இன்னும் ஏதோ கேட்பார் போலிருந்தது. கேட்கவில்லை. சூடம் ஏற்றினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மணிச்சத்தம் நடுவில் ஒருமுறை நின்று மறுபடி தொடர்ந்தது. கை வலிக்கிறது போல, வயசாகிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

ஆனால் ராத்திரி வேறு மாதிரி நினைத்தாள். மற்ற எட்டும் இலைக்கு வந்த பிறகுதான் அவர் போன் செய்திருக்கிறார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கடைசி ஆளாக யாராவது மாட்ட வேண்டும். புருஷன் ஊரில் இல்லாத ஒருத்தி மாட்டட்டும்.

"ஆமாங்க," என்றாள் சம்பூரணம்.

"யாரு?"

"நாச்சிமுத்தண்ணன். போன் பண்ணினாரு. மெதுவா வாங்க, அவசரம் இல்லேன்னாரு."

"உருப்படி எல்லாம் எலையில வந்ததுக்கு அப்புறமா?"

"அப்புறந்தானுங்க. பின்னாடி ஆளுக பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நான் வந்தப்ப என் கையத்தான் பாத்தாரு. மூஞ்சியப் பாக்கல. அவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்குது."

"தெரிஞ்சிருக்குது," என்று ஜெனோவா திரும்பச் சொன்னாள்.

"நெசமாத்தானுங்க. பெரிய கட்டையே அவரோடதுதான். எட்டையும் பாத்ததும் அவருக்குப் புரிஞ்சிருக்கும். அவரு கெட்டிக்காரருங்க."

ஜெனோவா எழுந்தாள். மெஷினுக்குப் போய் சிவப்பு நாடாவை நகத்தால் நிமிண்டி உரித்தாள். மெதுவாக, பெயின்ட் போகாமல் உரித்தாள்.

"மெஷினைப் போட்டுக்கலாம்மா. உங்க மேல ஒண்ணுமில்ல."

சம்பூரணத்துக்கு நம்பிக்கை வரவில்லை.

"அவரைப் புடிச்சிருவீங்களா?"

"ராத்திரியே வந்துட்டாரு. தானா. எங்க ஜீப்பு தெருவுக்குள்ள வர்றதுக்கு முன்ன ஸ்டேஷன்ல உக்காந்திருந்தாரு. கடைசியா வெச்சது நான்தான்னாரு."

"அவரா? அவருதுதான் மொதல்ல..."

"நானும் அதைத்தான் கேட்டேன். தர்மகர்த்தா மொதல்ல வெக்கணுமே ஐயான்னு. இல்லம்மா, கடைசி நான்தான்னாரு. வேற ஒரு வார்த்தை வாங்க முடியல." ஜெனோவா தட்டைத் திருப்பி வைத்தாள். போனிலிருந்த படத்தை அதன் பக்கத்தில் பிடித்தாள். "பாருங்க."

படத்தில் கட்டை ஒரு இடத்தில் இருந்தது. இலையில் அது கொஞ்சம் தள்ளி இருந்தது. படத்தில் கட்டை இருந்த இடத்தில், இலையில் காலியான சந்தனத் தடம் இருந்தது.

மணி நடுவில் நின்றது ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு கையில் சூடத்தட்டு, ஒரு கையில் மணி. மணியைக் கீழே வைத்தால்தான் கட்டையைத் தூக்க முடியும்.

"தூக்கினா துப்பாக்கி இல்ல," என்றாள் ஜெனோவா. "திரும்ப வெச்சா துப்பாக்கி. கடைசியா வெச்ச கைதான் கணக்கு. அதுக்கு முன்ன யார் வெச்சிருந்தாலும் அழிஞ்சு போகும்."

"தூக்கினவரு அப்படியே கொண்டு போயிருக்கலாமே. எதுக்குத் திரும்ப வெக்கணும்?"

"படம் போயிருச்சே. ஒம்பதும் சேந்து ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனி யாரோ ஒருத்தர் பேரு வேணும். அந்நேரத்துக்கு அந்தப் பேரு உங்களது."

வராட்டியும் பரவால்ல என்று அவர் போனில் சொன்னது இப்போதுதான் சம்பூரணத்துக்கு உறைத்தது.

"எனக்கு ஒண்ணுதான் கெடைக்காம இருந்துச்சு," ஜெனோவா தொடர்ந்தாள். "தெரியாம முடிச்சா தண்டனை பெருசா இல்ல. ஆறு மாசம் ஷெட்டுக்குச் சீல், அவ்வளவுதான். அதைப் பாத்துத்தான் வந்திருப்பாரு. அவருக்கு ரெண்டு பசங்க சம்பாதிக்கிறாங்க, அவரு தாங்குவாரு. நீங்க ஆறு மாசம் மூடினா மூடினதுதான். ஆனா தெரிஞ்சே முடிச்சா வேற. அவருக்குத் தெரியும்னு சொல்ல எங்கிட்ட ஆள் இல்லாம இருந்துச்சு."

"பத்து வருஷம்னீங்க."

"தெரிஞ்சு முடிச்சா."

"அதை நீங்க சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலயே."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. சம்பூரணம் வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு, "நான் சொன்னது தப்புங்க," என்றாள். "போனே வரல. நான்தான் ஏதோ கோவத்துல உளறிட்டேன். போன வருஷம் ஆர்டர் போச்சு, அந்தக் கோவம். எழுதாதீங்க."

ஜெனோவா தன் வெறுங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"நான் எதையும் எழுதலம்மா." மெஷின் மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "அது கேட்டுச்சு."

தட்டைக் கான்ஸ்டபிள் எடுத்துப்போனார். ஜெனோவா வாசலில் நின்று திரும்பினாள். ஏதோ ஆறுதல் சொல்லப் போவதுபோல் இருந்தது.

"வாழைக்கன்னை எடுத்துட்டு மெஷினைப் போடுங்க. எலை சுத்தறதுல மாட்டிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சம்பூரணம் மெஷின் முன்னால் நின்றாள். பச்சைப் பொத்தானில் சந்தனம் காய்ந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. விஜயதசமி அன்று தெருவில் நாச்சிமுத்தண்ணன் மெஷின்தான் முதலில் ஓடும். அந்தச் சத்தம் கேட்டபிறகு ஒவ்வொன்றாக மற்றவை ஓடும். எல்லா ஷட்டரும் திறந்திருந்தன. எதிலிருந்தும் சத்தம் வரவில்லை.

எதிர் ஷெட்டிலிருந்து ஆறுச்சாமி தெருவைக் கடந்து வந்தான். ராத்திரி தூங்காத கண்கள். கையில் அவனுடைய டிராயிங் காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தான். ஜீப் இன்னும் கிளம்பவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே, படி ஏறி உள்ளே வந்தான்.

"ஏனுங்க்கா, உங்க சீலை எடுத்துட்டாங்களே? எங்களுக்கெல்லாம் எடுக்கல. என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"அண்ணன் போன்கூட எடுக்கல. அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். என்கிட்ட அந்தப் பார்ட்டி ரெண்டாவது டிராயிங் ஒண்ணு குடுத்தான். அத எங்க பொட்டி இன்னும் பாக்கல. அதப் பாத்தா உங்க பின்னுக்கு..."

பெட்டி பச்சையாக மினுக்கியது.

"ஆறுச்சாமி," என்றாள் சம்பூரணம். "அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவாப் பேசிக்கலாம்."

"இல்லக்கா, இதைப் பாருங்க..."

"வேண்டாம். நீ இங்க வராட்டியும் பரவால்ல. நான் பாத்துக்கறேன். போ."

அவள் கண்ணால் பெட்டியைக் காட்டினாள். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. மெஷின் கதவைப் பார்த்தான். நாடா உரிந்த இடத்தில் பளிச்சென்று ஒரு பட்டை இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

அவன் முகம் மாறியது. நேற்று போனை வைத்தபோது தன் முகமும் இப்படித்தான் மாறியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சரிங்க்கா," என்றான்.

படி இறங்கினான். தன் ஷெட்டுக்குப் போகவில்லை. சுருட்டிய காகிதத்தைக் கையில் பிடித்தபடி ஜீப்பை நோக்கி நடந்தான்.